பதினாலு சிரிஞ்சு

எத்தனாவது மாசம் அம்மிணி? ஏழா? அஞ்சுதான் இருக்கும்னு நெனச்சேன், வயிறே தெரியலீங்களே. நீங்க சன்னலோரம் வந்துருங்க, காத்து வரும். எனக்கென்ன, அறச்சலூர் வரைக்கும் பாத்துப் பாத்துச் சலிச்ச ரோடு. அந்த ஃபைலை எங்கிட்டக் குடுங்க, நான் வெச்சுக்கறேன். அட, இந்த நோட்டீசா! இதேதானுங்க. இந்தப் படம், இந்தக் கை, இந்தச் சிரிஞ்சு. கொழந்தை பொறக்கறதுக்கு முன்னாலயே சீம்பாலைப் பீச்சி எடுத்து வெக்கறது எப்படின்னு போட்டிருக்குது பாருங்க. எங்க மேகலா இதை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருந்தா.

கிழிச்சுப் போடுங்க. பெரியவ சொல்றேன். இந்தக் கெரகத்துலதான் எங்கூட்ல ஒரு உசுரு போச்சு.

பயப்படாதீங்க, பயமுறுத்தறதுக்குச் சொல்லல. உங்களப் பாத்தா எம் பொண்ணு மாதிரி இருக்குது, அதான் வாய் நிக்க மாட்டேங்குது. வெளியில ஒருத்தர்கிட்டச் சொன்னதில்ல. நீங்க ஈரோடு போயிருவீங்க, நான் நடுவால எறங்கிருவேன், அப்பறம் நீங்க யாரோ நான் யாரோ. சொன்னா மனசு கொஞ்சம் லேசாகும்.

மேகலா எம்பட மருமக. எம் பையன் யுவராஜுக்குக் கட்டி மூணு வருசம். நல்ல புள்ளதான், நான் கொறை சொல்ல மாட்டேன். அம்மா இல்லாத புள்ள. அண்ணன் தாராபுரத்துல லேத்துப் பட்டறை வெச்சிருக்கான், அவந்தான் கட்டிக் குடுத்தான். மொதப் பிரசவம் பொறந்த வீட்லதானே பாக்கோணும்? வளைகாப்பு போட்டு அண்ணன் கூப்புட வந்தான். டாக்டர் விடல. சக்கரை, பிரஷரு, கொழந்தைக்கு வளர்த்தி பத்தல, வாராவாரம் காட்டோணும்னுட்டாங்க. சரி, இங்கயே இருக்கட்டும்னு நானும் வெச்சுக்கிட்டேன். வேற மாமியாளா இருந்தா வெச்சுக்குவாளா? ஏன்னா அதே சமயத்துல எம் பொண்ணு சிந்துஜாவும் நெறமாசமா வந்து உக்காந்திருக்கறா. அவளுக்கும் மொதப் பிரசவம். ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு வவுத்துப்புள்ளக்காரி இருக்கக் கூடாதும்பாங்க. நான் அதையெல்லாம் பாக்கலீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே கையாலதான் ஆக்கிப் போட்டேன். சிந்துவுக்கு நாட்டுக்கோழி, இவளுக்கு ராகிக்களி. சக்கரை இருக்குதில்ல, அதனாலதான், வேற ஒண்ணுமில்ல.

மேகலாவுக்கு எட்டாம் மாசம் பொறந்ததும் டாக்டர் சொல்லிப்போட்டாங்க, நாள் முழுசா விட முடியாது, கொழந்தையச் சீக்கிரம் எடுக்க வேண்டி வரும்னு. கொறைமாசத்துல பொறக்கற கொழந்தைக்குத் தாயோட மொதப் பால், அந்த மஞ்சப் பால், மருந்து மாதிரியாம். பொறந்த அன்னைக்குப் பால் ஊறலீனா என்ன பண்றதுன்னு, முன்னாலயே சொட்டுச் சொட்டா எடுத்து, ஊசி இல்லாத சின்னச் சிரிஞ்சுல புடிச்சு, ஃப்ரீசர்ல போட்டு வெக்கச் சொல்லி அங்கிருந்த ஒரு நர்ஸ் பழக்கிக் குடுத்திருக்குது. வயிறு இறுக்கிப் புடிச்சா உடனே நிறுத்திரோணுமாம். இவ வந்து எங்கிட்டச் சொல்றா, "அத்தை, என்னால கொழந்தைக்கு நாள்தான் குடுக்க முடியல, இதையாச்சும் குடுக்கறனுங்க"ன்னு.

நான் சிரிச்சுட்டேன். "ஏம்மா, கன்னு போடறதுக்கு முன்னாலயே பீச்சற மாட்டை எந்தக் கட்டுத்தரையில பாத்த?"ன்னு கேட்டேன். வெளையாட்டுக்குத்தான். அவ மூஞ்சி சுருங்கிப்போச்சு. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு ஒரு வெளையாட்டுப் பேச்சுத் தாங்காதுங்க.

ஆனா செஞ்சா. தெனம் ரெண்டு வேளை. கையை முட்டிக்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவா, சுடுதண்ணில துணி நனைச்சு மாருல ஒத்தடம் குடுப்பா, கதவச் சாத்திக்குவா. மொத நாளு ஒரு சொட்டு, அதுவும் வெரல்லயே காஞ்சு போச்சு. மூணாம் நாள்ல இருந்து கொஞ்சங் கொஞ்சமா வந்துச்சு. "அத்தை, பாருங்க, முழுசா ஒரு சிரிஞ்சு!"ன்னு கொண்டாந்து காட்டுவா. மஞ்சளா, நெய்யாட்ட. அதுல ஒரு சீட்டு ஒட்டி, தேதி எழுதி, மணி எழுதி, டப்பாவுல அடுக்கி ஃப்ரீசர்ல வெப்பா. எம் பையன் இருக்கறானே, பெத்தவளுக்கு ஒரு சொம்பு தண்ணி மோந்து குடுத்தவன் இல்ல, அவ பக்கத்துல மண்டி போட்டுச் சிரிஞ்சு புடிக்கறான். ஒரு நாள் கதவு தொறந்திருந்துச்சு, பாத்துட்டேன். ரெண்டு பேரும் தலையோட தலை முட்டிக்கிட்டு, ஒரு சொட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கறாங்க. எனக்கு எரிஞ்சுதுங்க. பொய் சொல்லக் கூடாது, எரிஞ்சுது.

அப்படி இருபத்திரண்டு சிரிஞ்சு சேந்துச்சு. டப்பாவைத் தொறந்து தொறந்து எண்ணிப் பாப்பா. வவுத்தைத் தடவிக்கிட்டே, "சாமி, உனக்கு எல்லாம் ரெடியா இருக்குது, மெதுவா வா"ம்பா. எங்கூட்டு ஃப்ரீசரைத் தொறந்தா மாவு டப்பாவுக்கு எடம் இல்ல.

இதுக்கு நடுவுல சிந்துவுக்கு வலி வந்துருச்சு. டவுன்ல வேற ஆஸ்பத்திரி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சொன்ன ஆஸ்பத்திரி. ராத்திரியெல்லாம் வலி எடுத்து, கடைசில ஆப்பரேசன். பொட்டப்புள்ள. மூணு கிலோ, தக்காளியாட்ட செவப்பு. சிந்துவுக்கோ கண்ணைத் தொறக்க முடியல. கொழந்தை கத்துது. நர்ஸ் மாருல வெச்சுப் பாத்தா, கொழந்தை வாய் வெக்க மாட்டேங்குது, சிந்து வலிக்குதுன்னு தள்ளறா. "பொறுங்கம்மா, திரும்பத் திரும்ப வெச்சாத்தான் ஊறும், அது வரைக்கும் கொஞ்சம் பவுடர் பால் தர்றேன்"னா நர்ஸ். சம்பந்தியம்மா பக்கத்துலயே நிக்கறா. அவ ஒரு பார்வை பாத்தா பாருங்க. "எங்க வம்சத்துல பவுடர் பால் குடிச்ச கொழந்தை கெடையாதுங்க"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. மெதுவாச் சொன்னா அது இன்னும் கொல்லும். எம் பொண்ணுக்குப் பால் இல்லைன்னு நாளைக்கு அவிங்க ஊரு பூராவும் பேசுவாங்க.

அப்பத்தான் ஃப்ரீசர் ஞாபகம் வந்துச்சு.

என்னங்க பாக்கறீங்க? நான் என்ன ஊரான் வீட்டுலயா எடுத்தேன்? என் வீட்டு ஃப்ரிட்ஜு. எம் மருமக பாலு. குடிக்கப் போறது எம் பேத்தி. அவளுக்கு இன்னும் நாள் கெடக்குது, மறுபடி பீச்சிக்குவா. பச்சக்கொழந்தை இப்பக் கத்துது. அந்தச் சமயத்துல எது பெருசு, நீங்களே சொல்லுங்க.

வீட்டுக்கு வந்து டப்பாவுல முன்வரிசையில இருந்த அஞ்சு சிரிஞ்சை எடுத்து, ஐஸ் போட்ட பிளாஸ்க்குல வெச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். அவளே தொறந்து பாத்துருவாளேன்னு முன்னாடியே ஒரு வேலை பண்ணினேன். "மேகலா, நீ அடிக்கடி எந்திரிச்சு நடக்காத, பிரஷரு இருக்குது. சிரிஞ்சை எங்கிட்டக் குடு, நான் வெச்சுடறேன்"னேன். அவளுக்கு அப்படி ஒரு சந்தோசம். கண்ணுல தண்ணியே வந்துருச்சு. "அத்தை, உங்களுக்கு இது புடிக்கலைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தனுங்க"ன்னா. நானும் தலையத் தடவிக் குடுத்தேன்.

ஆஸ்பத்திரியில யாரும் இல்லாத நேரமாப் பாத்து, கதகதன்னு ஆன பின்னாடி, கொழந்தை வாயோரமா வெச்சு அழுத்தினேன். என்னமாக் குடிச்சுதுங்கறீங்க! நாக்கைச் சப்புக்கொட்டிக்கிட்டு, என்னையே பாத்துக்கிட்டு. சம்பந்தியம்மா வந்து கேட்டா, "சிந்துவுக்கு ஊறிருச்சுங்க, நாந்தான் பீச்சிக் குடுத்தேன்"னேன். சிந்து அரை மயக்கத்துல கெடந்தா, அவ பவுடர் பாலுன்னே நெனச்சுக்கிட்டா. மூணு நாள்ல பதினாலு சிரிஞ்சு. எடையில துளி எறங்கலீங்க. டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. சம்பந்தியம்மா போறப்ப எங் கையைப் புடிச்சு, "உங்க வளர்ப்புங்க"ன்னுட்டுப் போனா. அந்த ஒரு வார்த்தைக்கு நான் என்ன வேணாலும் செய்வேன் அம்மிணி.

நாலாம் நாள் காலையில மேகலா கேக்கறா, "அத்தை, டப்பாவ ஒருக்காக் கொண்டாங்களே, தேதியெல்லாம் சரியா இருக்குதான்னு பாத்துக்கறேன். நாளைக்கு ஆஸ்பத்திரியில கேப்பாங்க"ன்னு. காலிச் சிரிஞ்செல்லாம் எங்கிட்ட இருக்குது. தூக்கிப் போடல. அதுல அவ கையெழுத்துச் சீட்டு ஒட்டியிருக்குதே, எப்படிப் போடறது? "இரு, அடுப்புல வேலையா இருக்கறேன், அப்பறம் தர்றேன்"னு சொல்லிட்டுப் வீட்டுக்குப் பொறத்தால பொடக்காணிக்கு வந்தேன். வேலியோரத்துல துளசிமணி நின்னுக்கிட்டுக் கூப்பிடறா. பக்கத்துத் தோட்டத்துக்காரி. கையில மூடி போட்ட ஒரு போசி. "சரோஜினியக்கா, மாடு நேத்துக் கன்னு போட்டுருச்சு, சீம்பால் கொண்டாந்தேன், புள்ளைகளுக்குக் கட்டி வேக வெச்சுக் குடுங்க"ன்னா.

தொறந்து பாத்தேன். அச்சு அசல் அதே மஞ்சளு.

அம்மிணி, நான் படிச்சவ இல்ல. ஆனா மாடு கன்னு பாத்தவ. சீம்பால் குடிச்ச கன்னுக்குட்டி ஒரு மணி நேரத்துல எந்திரிச்சு நின்னு துள்ளுது. மனுசக் கொழந்தை ஒரு வருசம் ஆகுது நடக்கறதுக்கு. எதுல சத்து அதிகம்? அவ மெலிஞ்ச ஒடம்புல, சக்கரை வந்த ஒடம்புல இருந்து வந்ததை விட இது நல்லதுதானேன்னு நெனச்சேன். கெட்டது நெனச்சுச் செய்யல. எம் பேரனுக்கு நான் கெட்டது நெனப்பனா? சுத்தமாத்தான் செஞ்சேன். வேட்டித்துணில வடிகட்டினேன். சீம்பாலைக் காய்ச்ச முடியாது பாருங்க, அடுப்புல வெச்சாக் கட்டியாயிரும், அதனால பச்சையாவே. கெட்டியா இருந்துச்சு, சிரிஞ்சுல ஏற மாட்டேன்னுச்சு. கொஞ்சம் தண்ணி விட்டுக் கரைச்சேன். நல்ல பைப்புத் தண்ணிதான். பதினாலையும் ரொப்பி, தேதி வாரியா அடுக்கி உள்ள வெச்சுட்டேன். மீதிச் சீம்பாலுக்கு நாட்டுச் சக்கரையும் ஏலக்காயும் போட்டு வேக வெச்சேன், எல்லாரும் சாப்புட்டாங்க. மேகலாவுக்கு மட்டும் குடுக்கல, சக்கரை.

சாயங்காலம் டப்பாவைத் தொறந்து காட்டினேன். எண்ணிப் பாத்தா. சரியா இருந்துச்சு. எனக்கு உசுரு வந்துச்சு.

ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? வெயிலடிக்குதா? திரையை இழுத்து விடட்டுமா?

அஞ்சு நாள்கூட ஆகல, இவளுக்குப் பிரஷரு ஏறிருச்சு. தலைவலிங்கறா, கண்ணு மங்கலாத் தெரியுதுங்கறா. யுவராஜ் கார் எடுத்துக்கிட்டு ஓடினான். அன்னைக்கே எடுத்துட்டாங்க. பையன். ஒண்ணேகால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள்ள, மூக்குல கொழா, வாயில கொழா. எம் பையன் எனக்கு ஃபோன் பண்றான். "அம்மா, அந்த டப்பாவ எடுத்துட்டு வாம்மா. மேகலா எந்திரிச்சதும் கேட்ட மொத வார்த்தை அதுதான்"ங்கறான்.

நான் எடுத்துட்டுப் போயிக் குடுத்தேன். எங் கையாலதான் குடுத்தேன்.

அங்கிருந்த நர்ஸ் தொறந்து பாத்துட்டு, "எவ்வளவு அழகா எழுதி வெச்சிருக்கறாங்க, இப்படி ஒரு அம்மாவ நாங்க பாத்ததில்ல"ன்னா. பழசுதான் மொதல்ல குடுப்பாங்களாம், தேதி வாரியா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா, கொழா வழியா கொஞ்சங் கொஞ்சம். மேகலாவ நாக்காலி வண்டில ஒக்கார வெச்சுத் தள்ளிட்டு வந்தாங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பாத்துக்கிட்டே இருந்தா, கொழாவுல அந்த மஞ்சக்கோடு எறங்கறதை. அவ மூஞ்சிய நீங்க பாத்திருக்கோணும். எனக்குத் தெரியும் அது என்னன்னு, அவளுக்குத் தெரியாது. அவ சிரிக்கறா, நானும் சிரிச்சேன். என்ன பண்ணச் சொல்றீங்க?

மூணாம் நாள் சாயங்காலம் வயிறு ஊதிக்கிச்சு. பச்சையா வாந்தி. வெளிய போறதுல ரத்தம். டாக்டர் ஓடி வந்தாங்க, பாலை நிறுத்துனாங்க, ஊசியப் போட்டாங்க. குடல்ல புண்ணு வந்துருச்சாம், அழுகிக்கிட்டு வருதாம். கொறைமாசக் கொழந்தைகளுக்குச் சில சமயம் வரும்னாங்க. அந்த டாக்டரம்மா எங்களை எல்லாரையும் நிக்க வெச்சுக் கேட்டாங்க. "தாய்ப்பால் தவிர வேற எதாச்சும் குடுத்தீங்களா? தேன், சக்கரைத்தண்ணி, மாட்டுப்பால், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. திட்ட மாட்டோம். சொன்னா எங்களுக்கு ஒதவியா இருக்கும்."

மேகலா இல்லீங்கன்னா. யுவராஜ் இல்லீங்கன்னான்.

நானும் இல்லீங்கன்னேன்.

தெரியுது அம்மிணி, நீங்க என்ன கேக்க வர்றீங்கன்னு. அப்பக் கொழந்தை உசுரோட இருந்துச்சு. சொல்லியிருந்தா வேற மாதிரி பாத்திருப்பாங்கன்னுதானே? நடந்தா நடந்திருக்கும். இல்லாட்டி இல்ல. யாருக்குத் தெரியும்? டாக்டரம்மா திட்ட மாட்டோம்னாங்க, எம் பையன் திட்ட மாட்டான்னு அவங்களால சொல்ல முடியுமா? சிந்து மாமியாளுக்குத் தெரிஞ்சா எம் பொண்ணு அந்த வீட்ல தலை நிமிந்து வாழ முடியுமா? அத்தனையும் ஒரே நிமிசத்துல ஓடுச்சு மண்டைக்குள்ள. டாக்டரம்மா என்னையே பாக்கற மாதிரி இருந்துச்சு. நான் பேச்சை மாத்தோணுமில்ல? "ஏம்மா மேகலா, அந்தப் பால் எடுக்கறப்பக் கையச் சுத்தமாக் கழுவினயா நீ?"ன்னு கேட்டேன். எல்லாருக்கும் முன்னால.

கேக்க வேண்டிய கேள்விதானே அது? தப்பா?

அவ ஒரு நிமிசம் என்னையப் பாத்தா. அப்பறம் கையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டா. "கழுவினனுங்க அத்தை... கழுவினேன்னுதான் நெனைக்கறனுங்க... ஒரு நாள் சோப்புத் தீந்து போச்சு..."ன்னு இழுத்தா. டாக்டரம்மா, "அதெல்லாம் நெனச்சு மனசக் கெடுத்துக்காதீங்க, உங்க மேல தப்பில்ல"ன்னு எத்தனையோ தடவை சொன்னாங்க. அவ காதுலயே வாங்கல. சோப்பு, சோப்புன்னு அதையே பேசிக்கிட்டு இருந்தா.

ஏழாம் நாள் போயிட்டான். துணி சுத்திக் குடுத்தாங்க, யுவராஜ் ஒத்தக் கையில வாங்கினான், அவ்வளவுதான் இருந்தான். நானும் அழுதனுங்க. மாருல அடிச்சுக்கிட்டு அழுதேன். எங்க குடும்பத்துல ஆண் வாரிசு, மொதப் பேரன். எனக்கு வலிக்காதா? நான் கல்லா?

அதுக்கப்பறந்தான் பாருங்க கொடுமை. புள்ள போன பின்னாடி அவளுக்குப் பால் ஊறுது. ஊறுதுன்னா, ரவிக்கை நனைஞ்சு சேலை நனைஞ்சு தரையெல்லாம் சொட்டுது. இங்க சிந்துவுக்குக் கொஞ்சநஞ்சம் ஊறின பாலும் வத்தியே போச்சு. நர்ஸ் சொன்ன மாதிரி திரும்பத் திரும்ப வெச்சிருந்தா ஊறியிருக்குமாம், நாந்தான் தூங்கட்டும்னு அவள எழுப்பலயாம், இப்பச் சொல்றாங்க. எல்லாத்துக்கும் என்னைத்தான் சொல்லுவாங்க. பவுடர் பால் பேத்திக்கு ஒத்துக்கல. வயித்தால போகுது, எடை எறங்குது. ஒரே வீட்ல ஒருத்திக்கு வழியுது, ஒருத்திக்கு இல்ல. நான் என்ன பண்ணுவேன்? கொழந்தையப் பொதைச்சு ஒம்பது நாள் இருக்கும், பேத்தியத் தூக்கிக்கிட்டுப் போயி மேகலா மடியில போட்டேன். "வீணாத்தானே போகுது, இதுக்காச்சும் குடு சாமி"ன்னேன்.

அலறினா பாருங்க. தீப்பட்ட மாதிரி கொழந்தையத் தள்ளி வெச்சுட்டு, "தூக்கிக்கங்க அத்தை, தூக்கிக்கங்க, எம் பாலு வெசம்"னு கத்தறா. பாத்ரூமுக்குள்ள ஓடித் தாப்பாள் போட்டுக்கிட்டு மாரைப் பிசைஞ்சு பிசைஞ்சு தரையில வுடறா. ரத்தம் கட்டிப்போச்சு. அடுத்த நாளே அண்ணங்காரன் வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டான். யுவராஜ் எங்கிட்டப் பேசறதில்ல. கொழந்தைய மடியில போட்டதுக்குத்தான் கோவம். மத்தது அவனுக்குத் தெரியாது.

இன்னைக்கு அவளைப் பாத்துட்டுத்தான் வர்றேன். பேத்திய நேத்து டாக்டர்கிட்டக் காட்டினோம், தாய்ப்பால் எங்காச்சும் கெடைச்சா நல்லதுன்னாரு. எனக்கு யாரு ஞாபகம் வருவா? ரோசம் பாக்காமப் பஸ் ஏறினேன். மாமியா மருமக வீட்டுப் படியேறிப் போறதுன்னா சும்மாவா? ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஐஸு, எல்லாம் எடுத்துக்கிட்டுத்தான் போனேன்.

அண்ணன் பொண்டாட்டிதான் கதவத் தொறந்தா. மேகலா பொறத்தால துணி தொவைக்கற கல்லுகிட்ட உக்காந்து கை கழுவிக்கிட்டு இருந்தா. சோப்புப் போட்டு, கழுவி, மறுபடி சோப்புப் போட்டு. தோலெல்லாம் உரிஞ்சு செவந்து கெடக்குது. நாள் பூராவும் இதேதானாம். என்னையப் பாத்ததும் எந்திரிச்சு வந்தா. ஓடி வந்து அப்படியே எங் காலைக் கட்டிக்கிட்டா அம்மிணி. ஈரக்கையோட.

"அத்தை, உங்க பேரனக் கொன்னுட்டனுங்க. எங் கையாலயே எடுத்து, எங் கையாலயே தேதி எழுதி வெச்சுக் கொன்னுட்டனுங்க. நீங்க சொன்னீங்களே, கழுவினயான்னு. நான் ஒழுங்காக் கழுவலீங்க. என்னை மன்னிச்சிருங்க அத்தை"ங்கறா.

வாய் வரைக்கும் வந்துச்சுங்க. சாமி சத்தியமா வந்துச்சு. "உம் பாலு வெசமில்லடி, அதைக் குடிச்ச கொழந்தை எங்கூட்ல உசுரோட இருக்குது"ன்னு ஒரே வார்த்தை. சொன்னா அவ எந்திரிச்சிருவா. சொன்னா எம் பேத்திக்கும் பால் கெடைக்கும், வேற எதைச் சொன்னாலும் அவ குடுக்கப் போறதில்ல, அதுவும் தெரியும். ஆனா அந்த ஒரு வார்த்தையோட நிக்குமா? பதினாலு எப்படிப் போச்சும்பா, அப்ப அந்தச் சிரிஞ்சுல என்ன இருந்துச்சும்பா. முழுங்கிட்டேன். அவளக் குனிஞ்சு தூக்கினேன். கண்ணத் தொடைச்சு விட்டேன். "போனது போகட்டும் சாமி. தெரியாமத்தானே பண்ணின. நான் மன்னிச்சுட்டேன்"னு சொன்னேன்.

அப்படிச் சொல்றதுக்கு ஒரு மனசு வேணும். பேரனப் பறிகுடுத்த எந்த மாமியா சொல்லுவா? அண்ணன் பொண்டாட்டியே அழுதுட்டா. மேகலா எங் கை ரெண்டையும் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. "நீங்க ஒருத்தராச்சும் மன்னிச்சீங்களே, இது போதுங்க அத்தை"ன்னா.

அழுகாதீங்க அம்மிணி, வவுத்துல புள்ளைய வெச்சுக்கிட்டு அழுகக் கூடாது. இன்னும் முடியல, கேளுங்க. சரி, மனசு எளகி இருக்கறா, இப்பக் கேட்டா ஒருவேளை குடுத்தாலும் குடுப்பான்னு பையில இருந்து அந்த டப்பாவ எடுத்து நீட்டினேன். பாத்தா. எங் கையை விட்டுட்டா. உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா. அரை மணி நேரம் வெளியவே நின்னேன். உள்ளாற பாலைப் பீச்சிப் பீச்சிச் சலதாரையில தண்ணி ஊத்தி வுடறது எனக்குக் கேக்குது. அத்தனையும் வீணு.

நான் மன்னிச்சு அரை மணி நேரம் ஆகலீங்க. ஒரு சொட்டு குடுக்க அவளுக்கு மனசு வரல.